கம்பத்தில் ஒட்டப்பட்ட மாமனார்

வித்தின் மாவட்டம், பல்கேரியா
16 நவம்பர் 2024, சனிக்கிழமை காலை

வலென்சியாவில் இருக்கும் மாப்பிள்ளை யாசென் அவர்களுக்கு,

மாமனார் ராங்கெல் எழுதிக்கொண்டது. நீங்களும் என் மகள் தெனிட்சாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம். மற்ற வருடங்களில் இதை எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். இந்த வருடம் ஊரில் இதை நம்புவதற்கு ஆள் இல்லாததால் கொஞ்சம் அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது: நான் உயிரோடு இருக்கிறேன், இது என் கையெழுத்துதான், இன்று காலை இரண்டு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். தெனிட்சா என் போனை எடுத்து நான்கு வாரம் ஆகிறது. நீங்கள் எடுக்கிறீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. எடுத்த உடனே "மாமா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்" என்கிறீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால் இன்று இரண்டு மணிக்கு ஸ்பெயினுக்குப் புறப்படும் பார்சல் வேனில், குடைமிளகாய் அரைத்துச் சுண்டவைத்த லூத்தெனிட்சா பன்னிரண்டு பாட்டிலோடு இந்தக் கடிதத்தையும் அனுப்புகிறேன். பாட்டில்கள் தெனிட்சாவுக்கு, கடிதம் உங்களுக்கு. தயவுசெய்து மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆனால் யார் ஆரம்பித்தது என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கட்டும். போன டிசம்பரில் நீங்கள்தான் கூப்பிட்டு, "மாமா, உங்களை இன்டர்நெட்ல தேடினேன், நீங்க எங்கேயுமே இல்ல" என்றீர்கள். நான் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன், அதைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். வீட்டைச் சூடாக்கும் அடுப்பு கட்டவும் புகைபோக்கி துடைக்கவும் ஊரில் இனி வேலை கிடைக்காது, பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆனால் தலைநகர் சோபியாவில் இருந்து வந்து இங்கே மலிவாக வீடு வாங்குகிறவர்கள் எல்லாம் ஆளை இன்டர்நெட்டில்தான் தேடுகிறார்கள், அதற்கு ஒரு வெப்சைட் வேண்டும், வெப்சைட்டுக்கு ஒரு நல்ல பெயர் வேண்டும் என்றீர்கள். பெயர் சின்னதாக இருக்க வேண்டும், வாயில் நுழைய வேண்டும், ஒருமுறை கேட்டால் மறக்கக்கூடாது. சரி என்று "அடுப்பு" என்றேன். அதை எவனோ எடுத்துவிட்டான். "நல்ல அடுப்பு" என்றேன், அதையும் எடுத்துவிட்டான். "புகைபோக்கி" என்ற பெயரை ஒரு ஆசாமி வாங்கிச் சும்மா வைத்திருக்கிறான், வாழ்நாளில் ஒரு புகைபோக்கிக்குள் தலை நீட்டியிருக்க மாட்டான், விலை கேட்டால் என் காரின் விலை சொல்கிறான். ஊர்ப் பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டேன், அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது என்று நீங்கள் சொன்னீர்கள். அது எனக்கு வருத்தம்தான், அப்போது காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில், "மாமா, ஜனங்க அடுப்பை நம்ப மாட்டாங்க, ஆளைத்தான் நம்புவாங்க, உங்க பெயரையே வெச்சிடலாம்" என்றீர்கள். ராங்கெல் தோபசோவ் என்ற பெயரில் ஒரு பல் டாக்டர் புளோவ்தீவ் நகரத்தில் இருக்கிறாராம், அவர் முந்திக்கொண்டார். அறுபத்தேழு வருடமாக நான் சுமக்கிற பெயரை யாரோ ஒரு பல் டாக்டர் வேலி போட்டு வைத்திருக்கிறார். அதற்கும் நீங்கள் வழி வைத்திருந்தீர்கள்: பின்னால் பிறந்த வருடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இப்படியாக நான் ராங்கெல்தோபசோவ்1957 ஆனேன். அதுவும் சொந்தமில்லை, வருடத்துக்கு வருடம் வாடகை, டிசம்பர் முதல் தேதி புதுப்பிக்காவிட்டால் போய்விடும் என்றீர்கள். அப்பா அம்மா வைத்த பெயருக்கு நான் வாடகை கட்டுவேன் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். பாவம், அவர்கள் இதைப் பார்க்காமலே போய்ச்சேர்ந்தது நல்லது.

வெப்சைட் அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. முதல் பக்கத்தில் நம் சமையலறையின் பச்சை ஓடு பதித்த அடுப்பு, தெனிட்சா பிறந்த வருடம் நான் கட்டியது. அடியில் ஒரு படிவம்: பெயர், ஊர், அடுப்பின் வகை, என்ன பிரச்சினை, எந்த நாளில் வர வேண்டும், எப்படித் தொடர்புகொள்ள வேண்டும். "24 மணி நேரத்தில் பதில் உறுதி" என்று சிவப்பில் எழுதினீர்கள். எனக்கு மெயில் கிடையாது என்பதால், படிவத்தில் வருவது எல்லாம் ஸ்வெதானாவின் கம்ப்யூட்டருக்குப் போகும்படி வைத்தீர்கள். அவளிடம்தான் ஊரிலேயே ஒழுங்காக வேலை செய்யும் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கிறது. அவளுக்குத்தான் இந்த ஊரில் தொழில் நடக்கிறது, ஏனென்றால் அவள் சவ அடக்க ஏற்பாடுகள் செய்யும் கடை வைத்திருக்கிறாள். பத்து மாதத்தில் என் வெப்சைட்டைப் பார்த்தவர்கள் பதினொரு பேர். அதில் ஒன்பது தடவை நீங்களே பார்த்தது என்று பிறகு ஒத்துக்கொண்டீர்கள்.

அத்தோடு விட்டிருக்கலாம். அக்டோபரில் மறுபடி கூப்பிட்டு, ஆன்லைன் மார்க்கெட்டிங் என்றால் ஆன்லைனில் மட்டும் செய்வது இல்லை, பெயரை வெளியிலும் பரப்ப வேண்டும் என்றீர்கள். "ஒரு தாள்ல உங்க படம், பெயர், வெப்சைட், நாற்பது வருஷ அனுபவம், அவ்வளவுதான் மாமா. கம்பம், பஸ் நிறுத்தம், கடை, எல்லா இடத்துலயும் ஒட்டுங்க. உங்க முகம்தான் பிராண்ட்." பதினெட்டு வருடமாக வெளிநாட்டில் இருக்கிறீர்கள் மாப்பிள்ளை, மறந்துபோயிருக்கும். நம் ஊரில் கம்பத்தில் ஒரு மனிதனின் படத்தையும் பெயரையும் பிறந்த வருடத்தையும் ஒட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். செத்த அன்று ஒன்று ஒட்டுவோம், நாற்பதாம் நாள் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. மழையில் கரையும்வரை கண்ணீர் அஞ்சலி தொங்கும். நீங்கள் மறந்தது சரி, நான் இங்கேயே இருக்கிறேன், எனக்கு எங்கே போயிற்று புத்தி? உண்மையைச் சொல்கிறேன், என் படத்தைத் தாளில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

அச்சடிக்க ஸ்வெதானாவிடம்தான் போனேன், வேறு யாரிடம் போவது? உங்கள் கல்யாணத்தில் எடுத்த படத்தைக் கொடுத்தேன், நான் டை கட்டியது அதில் மட்டும்தான். என் பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் அவள் வெட்டிவிட்டாள். வெட்டப்பட்டவர்களில் நீங்களும் ஒருவர்.

"கலர்ல வேணாம் ராங்கெல் அண்ணே, கலர் மை தீர்ந்துபோச்சு, என்கிட்ட வர்றவங்க யாரும் கலர் கேக்கறதில்ல" என்றாள்.

"இந்தக் கறுப்புக் கட்டம் எதுக்கும்மா?"

"இது இல்லாம என் மெஷின்ல வராது. உள்ள அப்படியே செட் பண்ணி வெச்சிருக்கு. கட்டம் இருந்தாதான் எடுப்பா இருக்கும், பாருங்க."

எடுப்பாகத்தான் இருந்தது. மேலே பெரிதாக 40, அதன்கீழ் சின்ன எழுத்தில் ஆண்டு அனுபவம், நடுவில் என் முகம், கீழே ராங்கெல்தோபசோவ்1957. முப்பது தாள் அடித்தேன். கம்பங்களில் இடம் இல்லை, மற்றவர்கள் நடுவில் இடம் தேடி ஒட்டினேன். ஒரு பக்கம் தபால்காரர், இன்னொரு பக்கம் கணக்கு டீச்சர், நடுவில் நான். பட்டறை வீட்டிலேயே இருப்பதால் கடைசித் தாளை நம் வாசல் கதவில் ஒட்டினேன். எதிர் வீட்டு லோசான் ஜன்னலில் இருந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றினான். கண் சரியாகத் தெரியாத ஆள்தான், இருந்தாலும் மரியாதை செய்கிறானே என்று நானும் கையசைத்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் கதவு தட்டும் சத்தம். முதல் வாடிக்கையாளர் என்று சட்டையை மாற்றிக்கொண்டு திறந்தால், பக்கத்து வீட்டு வேல்கா அக்கா. கறுப்பு முக்காடு, ஒரு கையில் மெழுகுவர்த்தி, ஒரு கையில் சர்க்கரை போட்ட அவித்த கோதுமை. என்னைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீயா?"

"நான்தான் அக்கா."

"கதவுல ஒட்டியிருக்கே?"

"அது அடுப்புக்கு விளம்பரம் அக்கா."

கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். "சரி, நான் கோதுமைய அவிச்சுட்டேன். சாவு வீட்டுக்குக் கொண்டுவந்தத திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாது. நீயே வெச்சு சாப்பிடு." தட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு தட்டு வந்தது. என் சாவுக்கு அவித்த கோதுமையை மூன்று நாள் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன் மாப்பிள்ளை. நன்றாகத்தான் இருந்தது, வால்நட் நிறையப் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் லோசான் ரக்கியாச் சாராயப் பாட்டிலோடு வந்தான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. கிளாஸில் ஊற்றியவன், குடிப்பதற்கு முன்னால், செத்தவர்களுக்கு விடுவதுபோல் ஒரு சொட்டைத் தரையில் விட்டான்.

"டேய், நான் எதிர்லயே உக்காந்திருக்கேன்டா!"

"கை பழக்கம்டா, மன்னிச்சுக்க. நாப்பதுன்னு போட்டிருக்கு. நாப்பது நாள் ஆயிருக்கு, எனக்கு ஒருத்தனும் சொல்லலையேன்னு ஒரே கோவம்."

"நாப்பது வருஷம்டா. கீழ படி."

"நாப்பது வருஷம் முன்னாடியே செத்துட்டியா? அப்போ மார்ச் மாசம் என் ரம்பத்த வாங்கிட்டுப் போனது யாரு? அதக் குடு முதல்ல."

இது எல்லாம் ஊருக்குள் நடந்த கூத்து, இதோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் யாரோ கம்பத்தைப் படம் எடுத்து நம் ஊர் ஃபேஸ்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். ஜெர்மனி, இத்தாலி, கிரீஸ் என்று நம் ஊர்க்காரர்கள் எங்கெங்கே போனார்களோ அங்கிருந்து எல்லாம் நூற்று நாற்பத்து மூன்று பேர் இரங்கல் எழுதினார்கள். ஸ்வெதானா படித்துக் காட்டினாள். நூறு பேர் வெறும் மெழுகுவர்த்திப் படம் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முப்பது பேர் "கடவுள் மன்னிக்கட்டும்". எதை மன்னிக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை, ஒருவரைத் தவிர: "நல்ல மனுஷர், ஆனா எங்க வீட்டுப் புகைபோக்கிக்கு மூடி போடாம போயிட்டார், இன்னும் மழை உள்ள வருது." நாற்பது வருடம் இந்த ஊரின் கரியைத் தின்றிருக்கிறேன் மாப்பிள்ளை. ஒரு வீட்டுக்காவது என்னால் குளிர் தெரியாமல் இருந்தது என்று யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. அன்று எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

தாளில்தான் வெப்சைட் பெயர் இருந்ததே, எல்லோரும் அதற்குள் போனார்கள். அன்று நீங்கள் மூச்சிரைக்கக் கூப்பிட்டீர்கள்: "மாமா! ஒரே நாள்ல தொள்ளாயிரம் பேர்! என்ன பண்ணீங்கன்னு தெரியல, ஆனா நிறுத்திடாதீங்க!" நீங்கள் அதைச் சொன்ன அதே நேரம், வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் குளியலறையில் தெனிட்சா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அந்தப் படத்தை அவளும் பார்த்திருந்தாள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது, உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அவள் அழுதுகொண்டே மேலாளரிடம் போயிருக்கிறாள், அப்பா இறந்தால் நான்கு நாள் விடுமுறை சட்டப்படி உண்டு என்று கையெழுத்து வாங்கியிருக்கிறாள், விமானச் சீட்டு எடுத்திருக்கிறாள், கூட வேலை செய்யும் பெண்கள் மலர் வளையத்துக்குப் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு என்ன தோன்றியதோ, என் நம்பருக்குக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தெரிந்து, மணி அடிப்பதையாவது கேட்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள்.

வாடிக்கையாளர் கூப்பிட்டால் மூன்றாவது மணிக்குள் எடுக்க வேண்டும், சிரித்த குரலில் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது யார் மாப்பிள்ளை? இரண்டாவது மணியிலேயே எடுத்தேன். "வணக்கம்! அடுப்பு, புகைபோக்கி, ராங்கெல் பேசறேன்!"

ஒரு அலறல் கேட்டது.

"அப்பா?"

"ஆமா, யாரு, தெனிட்சாவா? என்னம்மா ஆச்சு?"

"நீ உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்மா. மன்னிச்சுடும்மா."

"என்ன மன்னிக்கிறது? நான் இங்க எல்லார்கிட்டயும் நீ செத்துட்டன்னு சொல்லிட்டேன்! நான் கறுப்புச் சட்ட போட்டுட்டு நிக்கறேன்! நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?" வைத்துவிட்டாள். அதன்பிறகு எடுக்கவில்லை. மேலாளர் விடுமுறையைத் திரும்ப எடுத்துக்கொண்டாராம், சீட்டை அவள் ரத்து செய்துவிட்டாளாம், வேல்கா அக்காவிடம் போனில் சொல்லியிருக்கிறாள்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது, யார்மேல் என்று தெரியவில்லை. ஆறு வருடமாக அவள் இந்த வீட்டுக்கு வரவில்லை. முதலில் கொரோனா, பிறகு வீட்டுக் கடன், பிறகு இல்லத்தில் ஆள் பற்றாக்குறை. அவள் அங்கே பதினான்கு கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறாள். யாரோ பெற்ற பிள்ளைகளின் அப்பாக்கள். அதற்கு நான் எரிச்சல் படவில்லை, அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் செத்த அப்பாவுக்கு நான்கு நாள் தருகிறார்கள், உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு ஒரு மணி நேரம்கூடத் தர மறுக்கிறார்கள் என்றால், நான் அன்று போனை எடுத்தது தப்பு என்றுதான் ஆகிறது. எடுக்காமல் இருந்திருந்தால் அவள் வந்திருப்பாள். வாசலில் நின்று திட்டியிருப்பாள். திட்டி முடித்ததும் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருப்பாள். ஏழு தட்டு கோதுமை இருந்தது.

அதன்பிறகும் எதுவும் சரியாக நடக்கவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களை நினைக்கும் சனிக்கிழமை, கோயிலில் பாதிரியார் பெயர்களை வாசிக்கும்போது நடுவில் என் பெயரையும் வாசித்தார். நான் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வேல்கா அக்கா பட்டியலைக் கொடுத்தது முன்னாடியாம், பிறகு என் பெயரை அடிக்க மறந்துவிட்டாளாம். அடுத்த வெள்ளிக்கிழமை, எட்டாம் தேதி, தேவதூதர் திருநாள், ராங்கெல் என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் கொண்டாடும் என் பெயர் நாள். பெயர் நாளுக்கு யாரையும் அழைக்க வேண்டியதில்லை, தானாக வருவார்கள். மேசை போட்டு, கோழி சுட்டு, பத்து கிளாஸ் எடுத்து வைத்தேன். ஒருவரும் வரவில்லை. இந்த வருடத்துக்கான மரியாதையைச் செய்துவிட்டோம் என்று நினைத்தார்களோ என்னவோ. லோசான் மட்டும் வாசல்வரை வந்து ரம்பத்தைக் கேட்டுவிட்டுப் போனான். எந்த வருடமும் அந்த நாளில் தெனிட்சாவின் போன் வராமல் இருந்ததில்லை. இந்த வருடம் வரவில்லை. இருட்டும்வரை போனை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, நான் எழுத வந்த விஷயம் இதுதான். அந்த வெப்சைட்டை மூடிவிடுங்கள். டிசம்பர் முதல் தேதி பெயரைப் புதுப்பிக்க வேண்டாம், போகட்டும். அந்தப் பெயரால் இந்த வீட்டில் யாருக்கும் நல்லது நடக்கவில்லை. படிவத்தில் வந்ததை எல்லாம் ஸ்வெதானா போன சனிக்கிழமைவரை சேர்த்து, அவளுடைய அதே கறுப்புக் கட்டத்துக்குள் அச்சடித்து ஒரு கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே இருந்த இருபதைப் படித்தேன். இருபதும் இரங்கல். அடுப்பின் வகை என்ற இடத்தில் மெழுகுவர்த்தி போட்டிருக்கிறார்கள். மீதியைப் படிக்க மனம் இல்லை, தாள் நல்ல தடிமன், பாட்டில் சுற்ற வைத்துக்கொண்டேன். தெனிட்சாவிடம் நான் எதுவும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். வர வேண்டாம், போன் பண்ணவும் வேண்டாம், எனக்குப் பழகிவிட்டது. உங்கள்மேலும் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, எழுதி எழுதித் தீர்ந்துவிட்டது.

இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே ஈரக் காற்று, நெஞ்சில் சளி கட்டாமல் இருக்கட்டும். உங்கள் தொழில் செழிக்கட்டும், வெப்சைட்டுகளில் உயிரோடு இருக்கிறவர்கள் நிறைய வரட்டும். தெனிட்சாவின் கை வலி குறையட்டும். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளும், அதை நம்புகிற அக்கம்பக்கத்தாரையும் தரட்டும்.

அன்புடன்,
ராங்கெல் தோபசோவ்
(உயிரோடு)

பின்குறிப்பு: மூடாதீர்கள். மாப்பிள்ளை, எந்தக் காரணத்துக்காகவும் மூடிவிடாதீர்கள். மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள், எனக்கு மறுபடி எழுத நேரம் இல்லை, வேன்காரன் வாசலில் ஹாரன் அடிக்கிறான். பதினோராவது பாட்டிலைச் சுற்றும்போது தாளில் பச்சை என்ற சொல் கண்ணில் பட்டது. பிரித்துப் படித்தேன். நவம்பர் எட்டு, இரவு ஏழு மணி. பெயர்: தெனிட்சா. ஊர்: வலென்சியா. அடுப்பின் வகை: சமையலறையில் இருக்கும் பச்சை ஓடு பதித்த அடுப்பு. பிரச்சினை: ஆறு வருடமாகப் பார்க்கவில்லை. நாள்: டிசம்பர் 23 முதல் நான்கு நாள், வீட்டில் ஆள் இருப்பாரா? எப்படித் தொடர்புகொள்ள வேண்டும் என்ற இடத்தில் போன் வேண்டாம், இந்தப் படிவத்துக்கே பதில் போடவும் என்று இருக்கிறது. எட்டு நாள் ஆகிவிட்டது. 24 மணி நேரத்தில் பதில் உறுதி என்று எழுதிவைத்தது நீங்கள்தானே, அவள் என்ன நினைத்திருப்பாள்! எனக்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாது, ஸ்வெதானா கடையைப் பூட்டிவிட்டு ஒரு அடக்கத்துக்குப் போயிருக்கிறாள். அதனால் என் சார்பில் நீங்களே உடனே பதில் போடுங்கள். அவள் பக்கத்து அறையில்தான் இருப்பாள் என்று எனக்குத் தெரியும், பரவாயில்லை, வெப்சைட் வழியாகவே போடுங்கள், அவள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். பெயரைப் பத்து வருடத்துக்குப் புதுப்பியுங்கள். பதிலில் வேறு எதுவும் எழுத வேண்டாம், இதை மட்டும் போடுங்கள்: ஆள் இருக்கிறார்.